மாத்திரை கடைக்கு வருமுன்: மருந்துப் பரிசோதனைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை பார்க்கும் ஒருவர் தீராத இருமலுக்காக நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறார். "புது மருந்துப் பரிசோதனையில் சேர்கிறீர்களா?" என்று டாக்டர் கேட்கிறார். 'நம்மை எலியாக்கப் பார்க்கிறார்களோ' என்றுதான் முதலில் தோன்றும். அப்படித் தோன்றுவதில் தப்பில்லை. ஆனால் பதில் சொல்வதற்கு முன், அந்த மருந்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். ஆபத்தும் பலனும் கட்டத்துக்குக் கட்டம் மாறும்.

மனிதருக்கு முன்

முதலில் ஆய்வுக்கூடம், பிறகு விலங்குகள். அந்த முடிவுகளைப் பார்த்து மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தர வேண்டும். இப்போது நடப்பில் இருப்பவை 2019-ஆம் ஆண்டின் விதிகள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் தேவை. அதில் குறைந்தது 7 பேர் இருப்பார்கள். சட்டம் தெரிந்தவர் ஒருவர், மருத்துவம் சாராத சாதாரணர் ஒருவர், பெண் ஒருவராவது இருக்க வேண்டும். ஒவ்வொரு பரிசோதனையையும் அரசுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவதும் 2009 ஜூன் முதல் கட்டாயம். அந்தப் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம்.

ஒப்புதல் படிவம்

உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். பக்கத்து அறையில் தங்கியிருக்கும் ஒடிசாக்காரருக்குத் தமிழ்ப் படிவம் உதவாது. படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது, பரிசோதனையோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் கூடவே இருக்க வேண்டும். படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம். வழக்கமான சிகிச்சையை அதற்காக நிறுத்தக் கூடாது. பரிசோதனையால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சை உண்டு, இழப்பீடும் உண்டு. மேஸ்திரி சொன்னார் என்பதற்காக மட்டும் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

முதல் கட்டம்

சில பத்துப் பேர், பெரும்பாலும் ஆரோக்கியமானவர்கள். உடம்பு எவ்வளவு டோஸ் தாங்கும் என்பதுதான் கேள்வி. நோய் குணமாகுமா என்பது இங்கே கேள்வியே அல்ல. புற்றுநோய் மருந்துகளில் மட்டும் பெரும்பாலும் நோயாளிகளையே சேர்ப்பார்கள்.

இரண்டாம் கட்டம்

நூறு, இருநூறு நோயாளிகள். மருந்து வேலை செய்வதற்கான அறிகுறி உண்டா, எந்த டோஸ் சரி என்று பார்ப்பார்கள். பல மருந்துகள் இங்கேயே நின்றுவிடும்.

மூன்றாம் கட்டம்

நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் ஆட்கள். யாருக்குப் புது மருந்து, யாருக்குப் பழைய மருந்து அல்லது வெற்று மருந்து என்பதைக் குலுக்கல் முறை தீர்மானிக்கும். டாக்டரின் விருப்பத்துக்கு இடமில்லை. பல பரிசோதனைகளில் யாருக்கு எது போகிறது என்று டாக்டருக்கே தெரியாது.

இந்த ஒப்பீடு எதற்கு என்று புரிய, நம்ம ஊர்க் கதைகள் இரண்டு போதும். 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியது. சுத்தமான காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, இவற்றுக்காக நோயாளியை சானடோரியத்தில் வைத்தாக வேண்டும் என்பது அன்றைய நம்பிக்கை. 193 நோயாளிகளைக் குலுக்கிப் பிரித்தார்கள். நெருக்கடியான வீட்டில், குறைந்த சாப்பாட்டோடு ஓராண்டு மாத்திரை சாப்பிட்டவர்களில் 86 சதவீதம் பேருக்கு நல்ல பலன். சானடோரியத்தில் 92 சதவீதம். வீட்டிலிருந்தவர்களுக்கும் பலன் ஏறக்குறைய அதே அளவு. கூட இருந்தவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகமே டி.பி. சிகிச்சையை வீட்டுக்கு மாற்றியதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

இரண்டாவது கதை ஏமாற்றம். 1968-இல் திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதிக்கத் தொடங்கினார்கள். சுமார் 2.8 லட்சம் பேர், 15 ஆண்டுக் கண்காணிப்பு. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டி.பி.யை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. குழந்தைகளுக்கு வரும் கடுமையான வகைகளைத் தடுப்பதால் பிறந்ததும் போடுவது தொடர்கிறது. தடுப்பூசி தோற்றது, பரிசோதனை தோற்கவில்லை என்பேன். ஒப்பிட ஒரு குழு இல்லாமல் எல்லோருக்கும் போட்டிருந்தால், பெரியவர்களையும் அது காப்பதாக இன்றும் நம்பிக்கொண்டிருப்போம்.

நான்காம் கட்டம்

கடைக்கு வந்த பிறகும் கண்காணிப்பு உண்டு. லட்சத்தில் ஒருவருக்கு வரும் பக்கவிளைவு, மூன்றாம் கட்டத்தில் சேரும் சில ஆயிரம் பேரில் தெரிய வாய்ப்பு குறைவு. புது மாத்திரை சாப்பிட்டு அரிப்போ வீக்கமோ வந்தால் முதலில் டாக்டரிடம் போங்கள். பிறகு 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நீங்களே புகார் பதியலாம், டாக்டர் சீட்டு வேண்டியதில்லை.