கதை பொய்யா? தம்பிக்கு விளக்குவோம்

மாணவர்களே, சருகுமான் முதலைகளை வரிசையாக நிற்க வைத்து, அவற்றின் முதுகில் தாவி ஆற்றைக் கடந்த கதை உங்களுக்குத் தெரியும். அதைக் கேட்ட தம்பியோ தங்கையோ, "இது உண்மையா நடந்துச்சா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

"பொய்" என்று சொல்லிவிடாதீர்கள். பொய் சொல்பவர் கேட்பவரை ஏமாற்ற நினைக்கிறார். கதை சொல்பவருக்கு அந்த எண்ணம் இல்லை. வாழைப்பழத்தைத் தொலைபேசியாகக் காதில் வைத்து விளையாடும் குழந்தை, விளையாட்டு முடிந்ததும் அதை உரித்துத் தின்றுவிடும். "கதையும் அப்படி ஒரு பாவனை விளையாட்டுதான்" என்று சொன்னால் குழந்தைக்குப் புரியும்.

கற்பனை எங்கிருந்து வருகிறது?

நினைவிலிருந்து வருகிறது. மான், முதலை, ஆறு, பாலம் ஆகிய ஒவ்வொன்றையும் நாம் தனித்தனியே அறிவோம். முதலைகளையே பாலமாக்குவதுதான் கற்பனை. பழைய கட்டைகளைப் பிரித்துப் புதிய வீடு கட்டுவது போன்றது இது.

இதற்கு மூளையில் ஆதாரம் உண்டு. நினைவுகளைப் பதிவு செய்ய உதவும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி, கடற்குதிரை வடிவம் கொண்டது. அது பாதிக்கப்பட்டு நினைவாற்றல் இழந்த 5 பேரை, டெமிஸ் ஹசாபிஸ், எலினோர் மெக்வாயர் ஆகியோர் அடங்கிய லண்டன் ஆய்வுக் குழு சோதித்தது. வெண்மணல் கடற்கரையில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்து விவரிக்கச் சொன்னபோது, பெரும்பாலோரால் முழுக் காட்சியை உருவாக்க முடியவில்லை. துண்டு துண்டாகவே சொன்னார்கள். 2007இல் இம்முடிவு வெளியானது. நினைவு குலைந்தால் கற்பனையும் குலைகிறது.

செய்து பாருங்கள்

தம்பி தங்கையிடம், "உலகத்தில் இல்லாத ஒரு வீட்டை வரை" என்று சொல்லுங்கள். 1990இல் வெளியான ஆய்வில் அனெட் கார்மிலோஃப்-ஸ்மித் இப்படித்தான் கேட்டார். 4 முதல் 6 வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டுப் பகுதிகளின் வடிவத்தையோ அளவையோ மாற்றினர், சிலவற்றை விட்டுவிட்டனர். 8 முதல் 10 வயதினரிடையே, வீட்டுக்குச் சிறகு வைப்பது போல வேறு பொருளின் உறுப்பைச் சேர்ப்பது அதிகம் காணப்பட்டது.

ஆகவே சிறு குழந்தையின் படம் சாதாரணமாக இருந்தால் கேலி செய்யாதீர்கள். "இந்த வீட்டுக்கு வேறு எதை ஒட்டலாம்?" என்று கேளுங்கள். சந்தையில் நண்டையும் ஆற்றங்கரையில் உடும்பையும் காட்டுங்கள். இன்று பார்க்கும் நண்டுக்கால், நாளை அந்த வீட்டுக்குக் காலாகலாம்!