சொந்த வீட்டைத் தாக்கும் படை

லூப்பஸ், முடக்குவாதம், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று பெயர்கள் வேறாயினும் இவை அனைத்தும் ஓரினம். பகைக்கிருமியை விரட்ட வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்குவதால் வருபவை. இவற்றுக்குத் தரப்படும் ஸ்டீராய்டு, அசாத்தியோபிரின் போன்ற மருந்துகள் படை முழுவதையும் முடக்குகின்றன. மூட்டுவலி தணியும், கிருமித் தொற்றுக்கும் கதவு திறந்துவிடும். ஒரு திருடனுக்காக ஊர் முழுவதற்கும் ஊரடங்குப் போடுவதைப் போன்றது இது. தவறு செய்யும் டி-அணுக்களை மட்டும் அடக்க முடியாதா?

உடல் தானாகவே இதைச் செய்கிறது. சொந்தப் புரதத்தைப் பகையாகக் கருதும் டி-அணுக்களில் பெரும்பாலானவை தைமஸ் சுரப்பியிலேயே அழிக்கப்படுகின்றன. தப்பி வருபவற்றை அடக்க ஒழுங்காற்று டி-அணுக்கள் உள்ளன. இவற்றை 1995இல் ஜப்பானியர் சிமோன் சகாகுச்சி அடையாளம் காட்டினார். ஃபாக்ஸ்பி3 மரபணு பழுதானால் கடுமையான தன்னெதிர்ப்பு நோய் வரும் என்பதை 2001இல் மேரி பிரன்கோவும் பிரெட் ராம்ஸ்டெலும் கண்டனர். ஒழுங்காற்று அணுக்கள் உருவாக அம்மரபணுவே அடிப்படை என்பது பின்னர் தெளிவாயிற்று. மூவரும் 2025இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றனர்.

இனி, குறிவைத்து அடக்குவதற்கு வருவோம். இதற்குச் சீலியாக் நோய் நல்ல எடுத்துக்காட்டு. ஏனெனில், இங்கே சண்டையைத் தூண்டும் பொருள் எதுவென்று நமக்குத் தெரியும்: கோதுமையின் குளூட்டன். ரொட்டி சானாய் மாவு கிழியாமல் விரிவதற்குக் காரணமான அதே புரதந்தான். இந்நோயாளி அதை உண்டால் எதிர்ப்பு மண்டலம் அவருடைய சிறுகுடலையே சிதைக்கும்.

நாள்தோறும் நம் உடலில் கோடிக்கணக்கான அணுக்கள் மடிகின்றன. மண்ணீரலும் கல்லீரலும் அவற்றை ஆரவாரமின்றி விழுங்கி, 'இது நம்முடையது, விட்டுவிடு' என்று டி-அணுக்களுக்கு உணர்த்துகின்றன. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் மில்லர் குழுவினர் இந்த வழக்கத்தையே பயன்படுத்திக்கொண்டனர். அறுவைச் சிகிச்சையில் தானே கரையும் தையல் நூலுக்குப் பயன்படும் பொருளால் நுண்துகள் செய்து, அதற்குள் குளூட்டனின் பகுதியான கிளையடினை அடைத்து இரத்தத்தில் செலுத்துவதே அவர்கள் வகுத்த வழி. மடிந்த அணுவென்று எண்ணி உடல் அதை ஏற்கிறது!

இவ்வழியில் 33 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2021இல் வெளியாயிற்று. ஒரு வார இடைவெளியில் இருமுறை மருந்து. பின்னர் 14 நாள் குளூட்டன் உணவு. கிளையடினுக்கு எதிரான டி-அணுக்களின் எதிர்வினை, போலி மருந்து பெற்றவர்களைவிட 88 விழுக்காடு குறைவாக இருந்தது. குடல் சிதைவில் மட்டும் இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு புள்ளியியல் நோக்கில் உறுதிப்படவில்லை. எனவே இதனை வெற்றி என்பதைவிட நல்ல தொடக்கம் என்பதே பொருந்தும்.

மறுபக்கமும் உண்டு. 2000இல் வெளியான ஆய்வொன்றில், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகள் 8 பேருக்கு நரம்புறைப் புரதத்தின் சற்றே மாற்றப்பட்ட துண்டு ஊசி வழி தரப்பட்டது. டி-அணுக்கள் அடங்கும் என எதிர்பார்த்தனர். மாறாக, 3 பேருக்கு நோய் தீவிரமடைந்தது, சோதனை நிறுத்தப்பட்டது. சகிப்பை ஊட்டச் செலுத்திய புரதம் தடுப்பூசியைப் போலப் படையைத் தட்டி எழுப்பிவிட்டது. லூப்பசிலோ தாக்கப்படும் புரதங்கள் பல. எதைத் துகளுக்குள் அடைப்பது என்ற கேள்வியே அங்கு முதலில் நிற்கிறது.