நினைவிழந்தோரைப் பராமரித்தல்

தலையில் அடிபட்டோ, பாரிசவாயுவாலோ நினைவிழந்தவர் கண் திறந்ததும் வீட்டார் மகிழ்கின்றனர். ஆனால் கண் திறப்பது வேறு, அறிவு திரும்புவது வேறு. கண் மூடியே கிடப்பது ‘கோமா’. விழித்தும் எதையும் உணராததுபோல் இருப்பது இரண்டாம் நிலை. சில வேளை மட்டும் சொன்னதைச் செய்வதும், ஆளைப் பார்வையால் தொடர்வதும் மூன்றாம் நிலை.

வெளித்தோற்றம் ஏமாற்றவும் கூடும். 2024-ல் வெளியான பல நாட்டு ஆய்வில், சொல்லியும் அசையாத 241 பேரில் 60 பேரின் மூளை, கட்டளையை ஏற்று வேலை செய்ததைக் கருவிகள் காட்டின. ஆகவே நோயாளியின் தலைமாட்டில் பாகப்பிரிவினை பேசலாகாது.

பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் 1973-ல் தாக்கப்பட்ட நர்ஸ் அருணா ஷான்பாக் மீளவேயில்லை. ஆயினும் 2015-ல் அவர் மரணமடையும் வரை சக நர்ஸுகள் படுக்கைப்புண் வராமல் காத்தனர்.

வீட்டில் செய்யத்தக்கவை: இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வையுங்கள். மூட்டுகளை மெல்ல மடக்கி நீட்டுங்கள். குழாயில் உணவு செல்லும்போது தலையை உயர்த்தி வையுங்கள். பேர் சொல்லி அழைத்து, பதிலுக்குப் பொறுத்திருங்கள். விரல் அசைந்தாலும் தேதியிட்டு எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். அடிபட்ட மூளை ஓராண்டுக்குப் பின்னும் தேறியதுண்டு. பிராணவாயு கிடைக்காமல் கெட்ட மூளை தேறுவது அரிது.

ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ். பராமரிப்பது நம் கடமை. வராக்கடன் என்று ஏட்டை மூடும் அவசரம் இங்கே வேண்டாம்.