பழி பிளேடின் மேல், பிழை வேறிடத்தில்

வீட்டுப் பட்டறையில் டேபிள் சா வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெட்டு சரியாக விழவில்லை என்றால் உடனே பிளேடைக் கழற்றிச் சாணைக்கு அனுப்புவார்கள். அப்படியும் சரிவராவிட்டால் புதிது வாங்குவார்கள். நானும் அதைத்தான் செய்தேன். தேக்குப் பலகையின் ஓரம் கருகியபோது புதுப் பிளேடு மாட்டினேன். அதுவும் கருக்கியது. அதன் பிறகுதான் அளந்து பார்க்கத் தோன்றியது. அன்று முதல் கற்றுக்கொண்டவற்றை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

நம்பிக்கை 1: ஓரம் கருகினால் பிளேடு மழுங்கிவிட்டது.

உண்மை: மழுங்கிய பிளேடும் கருக்கும்தான். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது, பிளேடும், பலகையை ஒட்டித் தள்ள உதவும் கைடும் இணையாக நிற்கின்றனவா என்பது. கைடின் பின்முனை பிளேடை நோக்கிச் சாய்ந்திருந்தால் பலகை இரண்டுக்கும் நடுவே நெருக்கப்படும். பின்பக்கப் பற்கள் வெட்டி முடிந்த ஓரத்தையே மறுபடி உரசும். அந்த உரசலின் சூட்டில் மரம் கருகும்.

சோதிப்பது எளிது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றுங்கள். ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். அந்தப் பல் முன்பக்கம் இருக்கும்போது, மேசையில் உள்ள காடியிலிருந்து அது எவ்வளவு தூரம் என்று அளவிடுங்கள். அதே பல்லைப் பின்பக்கம் சுழற்றி மறுபடி அளவிடுங்கள். ஒரே பல்லை அளப்பதால், பிளேடில் சிறு நெளிவு இருந்தாலும் அது கணக்கைக் கெடுக்காது. இரண்டு அளவுக்கும் வித்தியாசம் 0.1 மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் போதும். அதற்கு மேல் போனால், பல சிறிய மெஷின்களில் மேசைக்கு அடியில் பிளேடுச் சட்டத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, மெல்லத் தட்டி நேராக்கலாம். காடிக்குப் பிளேடை ஒழுங்குபடுத்திய பிறகே, அதே காடிக்குக் கைடை இணையாக்க வேண்டும். வரிசை மாறினால் வேலை இரட்டிப்பாகும்.

அடுத்து, பற்களில் பிசின் அப்பியிருக்கிறதா என்று பாருங்கள். பிளேடைக் கழற்றி, சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் சிறிது நேரம் ஊறவைத்துப் பிரஷால் தேய்த்தால் போய்விடும். பல் எண்ணிக்கையும் முக்கியம். 10 அங்குல பிளேடில் நீளவாக்கில் அறுக்க 24 முதல் 30 பல் போதும். குறுக்கே அறுக்க 60 முதல் 80 பல் நல்லது. 80 பல் பிளேடால் கனமான பலகையை நீளவாக்கில் அறுத்தால் புதுப் பிளேடும் கருக்கும்.

நம்பிக்கை 2: அழுத்திப் பிடித்தால் பலகை பின்னால் எகிறாது.

உண்மை: 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றினால், பல்லின் வேகம் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர். பின்பக்கப் பற்கள் மேசையிலிருந்து மேலெழும்பும் திசையில் சுழல்கின்றன. பலகை அவற்றில் சிக்கினால் தூக்கி உங்கள் மேலேயே எறியும். அந்த வேகத்துக்கு எந்தக் கையும் ஈடாகாது. அதைத் தடுப்பது, பிளேடுக்குப் பின்னால் நிற்கும் ரிவிங் நைஃப் என்ற தகடு. வெட்டிய பிளவு மூடிக்கொண்டு பிளேடை இறுக்காமலும், பலகை பின்பற்களின் மேல் சாயாமலும் அது பார்த்துக்கொள்ளும். இடைஞ்சல் என்று அதைக் கழற்றி வைக்காதீர்கள்.

நம்பிக்கை 3: மெஷின் அதிர்ந்தால் பிளேடு வளைந்திருக்கிறது.

உண்மை: பெல்ட்டால் ஓடும் மெஷின் என்றால், பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அதிர்வு நின்றால், கோளாறு பெல்ட்டிலோ அதற்கு அப்பால் பிளேடுப் பக்கத்திலோ இருக்கிறது. நிற்காவிட்டால் மோட்டாரையும் அதன் புல்லியையும் பாருங்கள். பல நாள் ஓடாமல் நின்ற பெல்ட் புல்லியின் வளைவிலேயே இறுகி, ஓடும்போது குதிக்கும். புல்லியின் திருகு தளர்ந்திருக்கலாம். பிளேடைப் பிடிக்கும் வாஷரில் மரத்தூள் ஒட்டியிருந்தால்கூட பிளேடு கோணலாக உட்கார்ந்து ஆடும்.

நம்பிக்கை 4: உயரம் மாற்றும் சக்கரம் இறுகினால் எண்ணெய் விட வேண்டும்.

உண்மை: எண்ணெயும் கிரீஸும் மரத்தூளை இழுத்துப் பசையாக்கும். கொஞ்ச நாளில் முன்னைவிட இறுகும். கம்பி பிரஷால் பற்சக்கரங்களைச் சுத்தம் செய்து, மெழுகோ கிராஃபைட் தூளோ பூசுங்கள்.

நம்பிக்கை 5: மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாவிட்டால் எரிந்துவிட்டது.

உண்மை: உடனே நிறுத்தினால் பெரும்பாலும் காப்பாற்றலாம். இண்டக்‌ஷன் மோட்டாராக இருந்தால் கண்டென்சர் பலவீனமாகியிருக்கலாம், அல்லது ஸ்டார்ட்டிங் சுவிட்ச்சில் தூள் அடைத்திருக்கலாம். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் மின்னழுத்தம் குறைந்தாலும் இப்படித்தான் உறுமும். 2 குதிரைத்திறன் மோட்டாருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் வையுங்கள். கண்டென்சரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் தங்கியிருக்கும். அதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

என் மெஷினில் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது. போல்ட்டுகளைத் தளர்த்தி, தட்டி, அளந்து, இறுக்கி முடிக்க ஒரு மாலை ஆனது. பிறகு, ஒதுக்கி வைத்திருந்த பழைய பிளேடையே, சாணைகூடப் பிடிக்காமல், எடுத்து மாட்டினேன். தேக்கின் ஓரம் அதன் சொந்த நிறத்தில் வெளியே வந்தது.