தாத்தாவின் கடிதக் கட்டைக் காப்பகத்துக்குக் கொடுக்கும் முன்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் பழைய தனிவீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டும்போதெல்லாம் பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி இறங்குகிறது. சிலர் உள்ளே இருக்கும் கடிதங்களை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அக்கறை உள்ளவர்கள் பெட்டியை அப்படியே ஒரு நூலகத்தில் இறக்கிவிட்டுக் கடமை முடிந்தது என்று திரும்பிவிடுகிறார்கள். காகிதத்தைக் காப்பகம் காப்பாற்றிவிடும். யார் எழுதினார், எப்போது எழுதினார் என்பதைச் சொல்ல உங்கள் குடும்பத்தை விட்டால் ஆள் கிடையாது.

1. அடுக்காதீர்கள்

தேதிவாரியாக அடுக்கக் கை பரபரக்கும். வேண்டாம். ஒரே நூலில் கட்டியிருக்கும் கடிதங்களை யாரோ காரணத்தோடுதான் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒரு கல்யாணப் பேச்சோ பாகப்பிரிவினையோ அந்தக் கட்டில் இருக்கலாம். கட்டு இருந்தபடியே போட்டோ எடுத்து, கட்டுக்கு ஓர் எண் கொடுங்கள். கடிதத்தின் பின்புற மூலையில் பென்சிலால் மட்டும் எண் எழுதுங்கள். உறைகளைத் தூக்கி எறியாதீர்கள்.

2. சுத்தம் செய்யுங்கள், ஒட்டாதீர்கள்

துருப்பிடித்த குண்டூசி, ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் எடுங்கள். மெல்லிய பிரஷால் தூசி தட்டுங்கள். செலோடேப் கூடாது, லேமினேஷன் கூடவே கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாடு நமக்குத் தெரியும். நனைந்த காகிதத்தைப் பிரிக்க முயலாமல், வெயிலில் போடாமல், ஃபேன் காற்றில் ஆறவிடுங்கள். இரண்டு நாளுக்குள் உலராவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

3. யார் எழுதியது?

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். பழைய கடிதங்களில் பெயரே இருக்காது. ‘அம்பி’, ‘பாப்பா’, ‘சின்னண்ணன்’ என்றுதான் கையெழுத்து இருக்கும். உறவுச்சொல்லோ எழுதுபவருக்கேற்ப மாறும். ஒரு கடிதத்தில் அண்ணனாக வருபவரே அடுத்ததில் மாமா. ‘அத்தை’ அப்பாவின் தங்கையாக இருக்கலாம், மாமியாராகவும் இருக்கலாம்.

இதற்கு ஒரே வழி, குடும்பத்தில் ஒருவரை நடுப்புள்ளியாக வைத்துக்கொள்வது. அதிகமான கடிதங்கள் யாருக்கு வந்தனவோ அவரை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: கடிதத்தில் உள்ள பெயர், முழுப்பெயர், சொந்த ஊர், நடுப்புள்ளிக்கு என்ன உறவு. ‘என் மாமா’ என்று மட்டும் எழுதி வைத்தால் அடுத்த தலைமுறைக்கே புரியாது.

இந்தக் கட்டங்களை நிரப்பக்கூடியவர்கள் வீட்டின் மூத்த பெண்கள். செல்லப்பெயர்களும் யார் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டார்கள் என்பதும் அவர்களுக்குத்தான் மனப்பாடம். பட்டியலை நீட்டி ‘இவர் யார், அவர் யார்’ என்று கேட்டால் களைத்துப்போவார்கள். கடிதத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். கேட்கக் கேட்க அவர்களே பேச ஆரம்பிப்பார்கள். அனுமதி கேட்டு, ஃபோனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

4. எப்போது எழுதியது?

‘ஆனந்த வருஷம் ஆவணி 5’ என்று மட்டும் இருந்தால் அது 1914ஆ, 1974ஆ? தமிழ் வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். தபால் முத்திரை தெளிவாக இருந்தால் வேலை முடிந்தது. அழிந்திருந்தால் இவற்றைப் பாருங்கள்:

- தபால் தலையில் ஐந்தாம் ஜார்ஜ் இருந்தால், அவர் 1911 வாக்கில் தலைகளில் வரத் தொடங்கியவர், 1936இல் இறந்தார்.
- நயா பைசா என்று அச்சிட்டிருந்தால் 1957 ஏப்ரலுக்குப் பிறகு.
- முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிறகு.
- ‘மெட்ராஸ் ஸ்டேட்’ என்றிருந்தால் பெரும்பாலும் 1969க்கு முன்.

ணை, லை எழுத்துகளின் பழைய வடிவத்தை மட்டும் நம்பாதீர்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகும் பெரியவர்கள் பழைய கொம்போடுதான் எழுதினார்கள். உறுதியாகத் தெரியாத ஆண்டின் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். ஊகத்தை உண்மைபோல் எழுதி வைப்பது வெற்றிடத்தைவிட மோசம்.

5. எங்கே கொடுப்பது?

ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு துறை உண்டு. முன்கூட்டிப் பேசிவிட்டுப் போங்கள். 1837இல் தொடங்கி 1937இல் தாம்பரத்துக்கு வந்த மெட்ராஸ் கிறித்துவக் கல்லூரியில் உங்கள் தாத்தா படித்து, சேலையூர் ஹால் விடுதியிலிருந்து வீட்டுக்கு எழுதியிருந்தால் முதலில் அங்கே கேளுங்கள். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூர்க்காரரான முத்தையா தனியாகச் சேர்த்ததிலிருந்து பிறந்தது. அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, இங்கேயே இருக்கும்படி செய்தது. நூலோடு நோட்டீசும் அழைப்பிதழும்கூட வரலாறுதான் என்று காட்டிய இடம் அது.

பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம் இருக்கிறது. அவருக்கு வந்த கடிதங்களில் 1877 முதல் 1900 வரையிலானவை தொகுதியாகவே அச்சேறியிருக்கின்றன. அவர் வந்ததையெல்லாம் பத்திரப்படுத்தியதால்தான் இது நடந்தது. ஆனால் எந்த வீட்டிலும் இருப்பது வந்த கடிதங்கள்தான். உங்கள் தாத்தா எழுதியவை அவர் தங்கை வீட்டிலோ நண்பர் வீட்டிலோ கிடக்கும். அங்கேயும் கேளுங்கள், உரையாடலின் மறுபாதி கிடைக்கும்.

6. கையெழுத்துப் போடும் முன்

காகிதம் உங்களுடையது. ஆனால் அதில் உள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. உடன்பிறந்தவர்கள் எல்லோரும் சம்மதித்த பிறகே கொடுங்கள். உயிரோடு இருப்பவர்களைப் புண்படுத்தும் கடிதங்களை இத்தனை ஆண்டு கழித்தே திறக்க வேண்டும் என்று கொடைப் பத்திரத்தில் நிபந்தனை எழுதக் கேளுங்கள். கிழித்துவிடாதீர்கள். சொத்துப் பத்திரங்களை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் எண்பது தாண்டிய பாட்டி இருந்தால் இந்த வரிசையைப் பார்க்காதீர்கள், மூன்றாம் படியிலிருந்து தொடங்குங்கள். பெட்டியை அடுத்த மாதம் துடைக்கலாம். பாட்டியிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் உட்காருங்கள்.