பாடாதீர்கள், வருஷத்தைச் சொல்லுங்கள்!

நாலு நண்பர்கள் கூடினால் பாட்டு விளையாட்டு ஒன்று தொடங்கும். அரைமணி நேரத்தில் படுத்துவிடும். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். கூட்டத்தில் ஒருவருக்கு எல்லாப் பாட்டும் தெரிந்திருக்கும். இசை யார், எழுதியது யார், எந்தப் படம் என்று கேள்வி விழுந்த மறுநொடி அவர் பதிலைச் சொல்லிவிடுவார். மற்றவர்கள் பஜ்ஜியைத் தின்றுகொண்டு செல்போனை நோண்டுவார்கள். தெரிந்தால் சொல், தெரியாவிட்டால் சும்மா இரு என்கிற கேள்வியில் தெரியாதவருக்கு வேலையே கிடையாது. பாட்டுக்குப் பாட்டு இன்னொரு ரகம். பி.எச். அப்துல் ஹமீது நடத்தினால் ரசிக்கலாம். வீட்டில் நடத்தினால் பாடக் கூச்சப்படுகிறவர்கள் ஓரமாக ஒதுங்க, குரல் வளம் உள்ள இரண்டு பேருக்கான கச்சேரியாக அது மாறிவிடும்.

இரண்டுக்கும் மாற்றாக நான் சிபாரிசு செய்வது ஆண்டு வரிசை விளையாட்டு. நெதர்லாந்தின் ஜம்போ நிறுவனம் வெளியிடும் 'ஹிட்ஸ்டர்' இந்த வகையில் பிரபலமானது. ஒவ்வொரு அட்டையின் ஒரு பக்கத்தில் கியூஆர் கோடு இருக்கும். ஸ்கேன் செய்தால் பாட்டு ஒலிக்கும். மறுபக்கத்தில் பாடல், பாடியவர், வெளிவந்த ஆண்டு. மறுபக்கத்தைப் பார்க்காமல், உங்கள் முன்னால் ஏற்கெனவே இருக்கும் அட்டைகளுக்கு இடையில் இந்தப் பாட்டு எங்கே வரும் என்று வைக்க வேண்டும். சரியாக வைத்தால் அட்டை உங்களுக்கு, தப்பினால் போயிற்று. முதலில் பத்து அட்டை சேர்த்தவர் ஜெயிப்பார்.

இதில் என்ன விசேஷம் என்றால், துல்லியமான ஆண்டு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. 'இதற்கு முன்னாலா, பின்னாலா' என்பதுதான் கேள்வி. பாட்டே தெரியாதவர்கூட குரலை வைத்து, வாத்தியத்தை வைத்து ஊகிக்கலாம். பேசுவதற்கு எல்லோருக்கும் ஏதாவது இருக்கும்.

கடையில் கிடைக்கும் பெட்டிகளில் பெரும்பாலும் மேல்நாட்டுப் பாட்டுதான். தமிழ்ப் பாட்டுக்கு நீங்களே அட்டை தயாரித்துக்கொள்வது நல்லது. ஒரு சாயங்கால வேலை. மூன்று அணிகள் ஆடுவதாக வைத்துக்கொண்டால் அறுபது அட்டை தாராளம். தடித்த காகிதத்தை விசிட்டிங் கார்டு அளவுக்கு வெட்டுங்கள். ஒரு பக்கம் வெறும் எண்; மறுபக்கம் படம், இசையமைப்பாளர், பாடகர், ஆண்டு. செல்போனில் அதே எண் வரிசையில் ஒரு பிளேலிஸ்ட். ஷஃபிளை அணைத்துவிட்டீர்களா என்று இரண்டு தடவை பாருங்கள். இலவசக் கணக்கானால் நடுவில் விளம்பரம் பாய்ந்து வரும் என்பதால், பாட்டுகளை முன்பே இறக்கி வைத்துக்கொள்வது உத்தமம்.

ஆண்டு எழுதும்போதுதான் உஷாராக இருக்க வேண்டும். பழைய பாட்டுகள் பாட்டுச் செயலிகளில் தொகுப்பு ஆல்பங்களாக ஏறியிருக்கும். 'பாசமலர்' பாட்டுக்குப் பக்கத்தில் 2000க்குப் பிந்தைய ஆண்டு ஒன்றைச் செயலி கூசாமல் காட்டும். படம் வந்தது 1961இல். படம் திரைக்கு வந்த ஆண்டுதான் கணக்கு என்று ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் தனுஷ் பாடிய கொலவெறிப் பாட்டில் சண்டை வரும். பாட்டு ஊரெல்லாம் ஒலித்தது 2011 நவம்பரில். '3' படம் வெளிவந்தது 2012 மார்ச்சில்.

பாட்டைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி சொல்கிறேன். எல்லோரும் கேட்டிருக்க வேண்டும். ஆண்டு யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வரக்கூடாது. 'ரோஜா' 1992 என்று ஊருக்கே தெரியும், அதனால் அது தொடக்க அட்டையாக மேசையில் இருக்கட்டும். 'கிழக்குச் சீமையிலே', 'காதல் தேசம்' மாதிரிப் படங்கள் ஊகிக்கத் தோது. யாருமே கேட்காத பாட்டைத் தேடிப்பிடித்துப் போடுவது அமைப்பாளரின் பெருமைக்கு உதவும், ஆட்டத்துக்கு உதவாது. பத்தாண்டுக்குப் பத்து என்று சரிசமமாகப் பங்கிடவும் வேண்டாம். வந்திருப்பவர்கள் முப்பதைத் தொட்டவர்கள் என்றால் 1990, 2000களுக்குப் பாதியைக் கொடுங்கள். கறுப்பு வெள்ளைக் காலத்துக்கு ஏழெட்டு போதும்.

தமிழ்ப் பாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. பாட்டின் பெயரே பல்லவியின் முதல் அடிதான். பாடகர் வாய் திறந்ததும் பாதி ரகசியம் வெளியே வந்துவிடும். ஆகவே பல்லவிக்கு முந்தைய இசையையோ, சரணத்துக்கு முந்தைய இடையிசையையோ ஒலிக்கவிடுங்கள். இருபது விநாடி போதும். இளையராஜா பாட்டுகளுக்கு இது மிகவும் பொருந்தும். இடையிசையைத் தனியாகக் கேட்டால், நூறு தடவை கேட்ட பாட்டையே அடையாளம் தெரியாமல் நாலு பேர் முழிப்பார்கள். எந்த அணிக்கும் எதுவும் பிடிபடவில்லை என்றால் குரலையும் சேர்த்து இன்னொரு முறை போடலாம்.

டோக்கனுக்குப் புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஹிட்ஸ்டர் விதிப்படி ஆளுக்கு இரண்டு டோக்கனோடு தொடக்கம். பாட்டையும் பாடியவரையும் சரியாகச் சொன்னால் ஒரு டோக்கன் பரிசு. நாம் இதைப் படம், இசையமைப்பாளர் என்று மாற்றிக்கொள்ளலாம். பிடிக்காத பாட்டைத் தள்ளிவிட ஒரு டோக்கன். மூன்று டோக்கன் கொடுத்தால் ஊகிக்காமலே ஓர் அட்டை. எதிராளி தப்பான இடத்தில் வைத்துவிட்டதாகத் தோன்றினால், அட்டையைத் திருப்புவதற்கு முன் ஒரு டோக்கனை உங்களுக்குச் சரியென்று படும் இடத்தில் வைத்து அறைகூவலாம். அவர் தப்பு, நீங்கள் சரி என்றால் அட்டை உங்கள் பக்கம் வந்துவிடும். இந்த அறைகூவல்தான் ஆட்டத்தின் உயிர். அடுத்தவர் முறை வரும்போதும் எல்லோரும் காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

ஒரு சுற்றைப் பார்ப்போம். உங்கள் முன்னால் 'தில்லானா மோகனாம்பாள்' 1968, '16 வயதினிலே' 1977, 'ரோஜா' 1992, 'கில்லி' 2004 என்று நாலு அட்டை. யேசுதாஸ் குரலில் ஒரு தாலாட்டு ஒலிக்கிறது. இளையராஜா என்று தெரிகிறது. 77க்கும் 92க்கும் நடுவே வைக்கிறீர்கள். திருப்பினால் 'மூன்றாம் பிறை', 1982. சரி. அடுத்து சித்ராவின் குரல். அவர் தமிழில் பாட வந்ததே எண்பதுகளின் நடுவில்தான் என்பது நினைவிருந்தால் 82க்குப் பின்னால் வைப்பீர்கள். 'சிந்து பைரவி', 1985. அதுவும் சரி. மூன்றாவதாக 'அலைகள் ஓய்வதில்லை' வருகிறது. இதுவும் ராஜாதான், இதுவும் அதே காலம்தான். மூன்றாம் பிறைக்கு முன்னாலா, பின்னாலா? உங்கள் அணிக்குள்ளேயே இரண்டு கட்சி. பின்னால் என்று வைக்கிறீர்கள். எதிரணி முன்னால் என்று புளியங்கொட்டையை வைக்கிறது. படம் 1981. அட்டை கைமாறுகிறது. முதல் மூன்று அட்டை சுலபமாகக் கிடைக்கும். இடைவெளி குறுகக் குறுகத்தான் கை நடுங்கும்.

இப்படி ஊகிக்கச் சில எல்லைக்கற்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும். விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1965இல் பிரிந்தார்கள். இரட்டையர் பெயர் நினைவுக்கு வந்தால் அதற்குப் பின்னால் தேடாதீர்கள். இளையராஜா 1976இல் 'அன்னக்கிளி'யோடு வந்தார். வைரமுத்து 1980இல் 'நிழல்கள்' படத்தில் எழுதத் தொடங்கினார். கண்ணதாசன் மறைந்தது 1981 அக்டோபரில். அவர் கடைசியாக எழுதிய தாலாட்டு அடுத்த ஆண்டு 'மூன்றாம் பிறை'யில் வந்தது. ரஹ்மான் 1992, யுவன் 1997, ஹாரிஸ் 2001இல் 'மின்னலே'. பெயர் தெரியாவிட்டாலும் காது உதவும். இடம் வலம் பிரிந்து கேட்கும் ஸ்டீரியோப் பதிவு என்றால் 'ப்ரியா' வந்த 1978க்கு முன்னால் வைக்க யோசியுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: பழைய பாட்டுகளைப் பின்னாளில் புதுப்பித்து வெளியிட்டிருக்கிறார்கள், எனவே ஒலியின் துலக்கத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

பொறி அட்டைகள் இரண்டோ மூன்றோ வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். 'குணா'வின் குகைப் பாட்டை 2024இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' மலையாளப் படம் மறுபடி எங்கும் ஒலிக்க வைத்தது. இருபது வயதுக்காரர் அதை எங்கே வைக்கிறார் என்று பாருங்கள். 'பொன்மனச் செல்வன்' 1989. அந்தப் பழைய படத்துப் பாட்டை 'லப்பர் பந்து' படத்தில் கேட்டவர்களுக்கு அது நேற்றைய பாட்டு. 'நினைத்தாலே இனிக்கும்' படப் பாட்டு ஒன்று 2007இல் 'பொல்லாதவன்' படத்தில் ரீமிக்ஸாக வந்தது. ரீமிக்ஸை ஒலிக்கவிட்டால் 2007, மூலத்தை ஒலிக்கவிட்டால் 1979. எதை ஒலிக்கவிட்டீர்களோ அதற்குரிய ஆண்டையே அட்டையில் எழுதுங்கள்.

அணி பிரிப்பதில் கொஞ்சம் சூது வேண்டும். எல்லாம் தெரிந்த அந்த ஒருவர் இருக்கிறாரே, அவரைப் பாட்டு போடும் நடத்துநராக ஆக்கிவிடுங்கள். மரியாதைக்கு மரியாதை, நமக்கும் நிம்மதி. மற்றவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்க்கும்போது வயது கலந்து சேருங்கள். அண்ணன் வயதுக்காரருக்குக் கேசட் காலம் தெரியும், தம்பிக்கு அனிருத் தெரியும். தமிழ் அதிகம் கேட்டு வளராத நண்பர் இருந்தால் தெலுங்கு, இந்தியில் டப் ஆன மணிரத்னம், ஷங்கர் படப் பாட்டுகள் சிலவற்றைச் சேர்த்தால் அவரும் வாய் திறப்பார்.

மேசையில் மூன்று தடைகள் போதும். பாட்டைக் கண்டுபிடிக்கும் செயலி கூடாது. அடுத்தவர் முறையில் கூடவே பாடக்கூடாது. இதுதான் அடிக்கடி மீறப்படும் விதி, மீறினால் ஒரு புளியங்கொட்டை அபராதம். யோசிக்க ஒரு நிமிஷத்துக்கு மேல் கிடையாது. அட்டையைத் திருப்பிய பிறகு மட்டும் முழுப்பாட்டையும் போட்டு எல்லோரும் சேர்ந்து பாடிக்கொள்ளலாம். அதைத் தடுத்தால் ஆள் கிளம்பிப் போய்விடுவார்.

கேள்வி பதில்தான் வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால் நடுநடுவே ஒன்றிரண்டு போடுங்கள். ராகம் கேட்டுப் பயமுறுத்தாமல், விடை வந்ததும் 'அட!' என்று சொல்ல வைக்கும் கேள்வியாகப் பாருங்கள். 'ஜென்டில்மேன்' படத்து ரயில் பாட்டில் ஒரு சிறுவன் குரல் வருமே, அது யார்? ஜி.வி. பிரகாஷ். சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை முதன்முதலில் பெற்றவர் யார்? 'உயர்ந்த மனிதன்' படத்துக்காக பி. சுசீலா.

ஆறு பேருக்கு மேல் வந்தால் பத்து அட்டை இலக்கை ஏழாகக் குறையுங்கள். ஒரே ஆண்டுப் படங்கள் வந்தால் எந்தப் பக்கம் வைத்தாலும் சரி. 'தளபதி'யும் 'குணா'வும் 1991 தீபாவளிக்கு ஒரே நாளில் வந்தவை, அதில் போய்ப் பஞ்சாயத்து வேண்டாம். ஒரே சுற்றில் இரண்டு அணிகள் இலக்கைத் தொட்டால் கடைசியாக ஒரு பாட்டு போடுங்கள். இரு அணியும் ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் ஆண்டை எழுதி மடித்து வைக்கட்டும். நெருங்கி வந்த அணிக்கே வெற்றி.