கூரையில்லாத இறுதிப்போட்டி

அன்புள்ள மதிவதனிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பௌலை எப்போதும் வெயில் ஊரிலோ கூரை போட்ட அரங்கிலோதான் வைக்கிறார்களே, பனி விழும் ஊரில் திறந்த மைதானத்தில் ஒரு தடவையாவது நடத்தினால் என்ன என்று கேட்டிருக்கிறாய். நடத்தினார்கள், ஒரே ஒரு தடவை. 2014 பிப்ரவரி 2 அன்று, நான் குடியிருக்கும் நியூ ஜெர்சியில், ஈஸ்ட் ரதர்ஃபோர்டு என்ற ஊரின் மெட்லைஃப் மைதானத்தில். அது சரியான முடிவுதானா என்று நீ தெரிந்துகொள்ள வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

நீ பள்ளியில் ஆடும் கால்பந்து இல்லை இது. முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்து ஓடுவதும், தூர எறிந்து பிடிப்பதும்தான் இதில் முக்கியம். செப்டம்பரில் தொடங்கும் பருவம் ஜனவரி வரை ஓடும். அதன் கடைசிக் கட்டம் நடுக்குளிர்காலத்தில் வருகிறது. 1967-இல் சூப்பர் பௌல் பிறக்கும் முன், மோதும் இரண்டு அணிகளில் ஒன்றின் சொந்த ஊரிலேயே இறுதிப்போட்டி நடந்தது. டிசம்பர் மாதத்துச் சிகாகோவும் நியூ யார்க்கும் எப்படி இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் ஆடினார்கள், தெரிந்தேதான் பார்க்க வந்தார்கள்.

1932-இல் மட்டும் பயந்து உள்ளே போனார்கள். சிகாகோவில் பனிப்புயல் அடித்ததால் பேர்ஸ் அணிக்கும் போர்ட்ஸ்மவுத் ஸ்பார்ட்டன்ஸ் அணிக்கும் நடந்த ஆட்டத்தைச் சிகாகோ ஸ்டேடியம் என்ற உள்ளரங்குக்கு மாற்றினார்கள். 100 கெஜ மைதானம் அங்கே 80 கெஜமாகச் சுருங்கியது. இட நெருக்கடிக்காக அன்று செய்துகொண்ட ஏற்பாடுகளிலிருந்து பிறகு நிரந்தர விதிகளே பிறந்தன. அந்த விதிகள் ஆட்டத்துக்கு நல்லதையே செய்தன. ஆனாலும் அன்று நடந்தது வேறொரு ஆட்டம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரண்டு வருடம் கழித்து, 1934 டிசம்பர் 9 அன்று, அதே பேர்ஸ் அணி நியூ யார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்துக்கு ஜயன்ட்ஸ் அணியோடு மோத வந்தது. தரை முழுக்க உறைந்து கிடந்தது. ஆணி வைத்த ஷூ உறைந்த மண்ணில் இறங்காது, வழுக்கும். ஜயன்ட்ஸ் ஆட்கள் அவசரமாக ஒருவரை மன்ஹாட்டன் கல்லூரிக்கு அனுப்பி, அங்கிருந்த கூடைப்பந்து வீரர்களின் ரப்பர் ஷூக்களை வரவழைத்தார்கள். இரண்டாம் பாதியில் பலர் அதைப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். 13-3 என்று பின்தங்கியிருந்தவர்கள் கடைசிக் குவார்ட்டரில் மட்டும் 27 புள்ளி எடுத்து 30-13 என்று வென்றார்கள். ‘இது திறமையா, ஷூவா’ என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். காலடியில் இருக்கும் தரையைப் படித்து அதற்கேற்ப மாறுவதும் திறமைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எதிரணிக்கும் அதே தரைதானே.

ஆனால் இந்த வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைக் காட்டிய ஆட்டம் 1967 டிசம்பர் 31 அன்று விஸ்கான்சின் மாநிலத்தின் க்ரீன் பே ஊரில், லாம்போ மைதானத்தில் நடந்தது. க்ரீன் பே பேக்கர்ஸும் டாலஸ் கௌபாய்ஸும் லீக் சாம்பியன் பட்டத்துக்கு மோதினார்கள். ஆட்டம் தொடங்கும்போது வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 25 டிகிரி செல்சியஸ். பேக்கர்ஸ் பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டி அந்த வருடம்தான் புல்லுக்கு அடியில் மின்சார வெப்பக் கம்பிகளைப் பதிக்க வைத்திருந்தார். தரை உறையவே உறையாது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். காலையில் மேலே மூடியிருந்த தார்ப்பாயை எடுத்தபோது தரையில் தங்கியிருந்த ஈரம் அந்தக் குளிர் காற்றில் உறைந்து ஐஸாகிவிட்டது.

நடுவர் நார்ம் ஷாக்டர் உலோக விசிலை ஊதினார். விசில் உதட்டோடு ஒட்டிக்கொண்டது, பிய்த்தபோது தோலும் சேர்ந்து வந்தது. அதற்குப் பிறகு நடுவர்கள் விசில் இல்லாமல், வாயால் கத்தியே ஆட்டத்தை நடத்தினார்கள். இசைக்குழுவின் கருவிகள் உறைந்து போயின, வாசிக்க வந்த மாணவர்கள் சிலரை மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். டாலஸின் பாப் ஹேஸ் உலகின் மிக வேகமான ஓட்டக்காரர்களில் ஒருவர், 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வென்றவர். தன் பக்கம் பந்து வராது என்று தெரிந்த முறையெல்லாம் அவர் கைகளைக் கால்சட்டைக்குள் விட்டுக்கொண்டார். எதிரணி அதைக் கவனித்து, அவர் கை உள்ளே இருந்தால் அவரைப் பொருட்படுத்தாமல் விட்டுவிட்டது. குளிர் ஒருவருடைய திட்டத்தையே வெளியே காட்டிக்கொடுக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

முடிவில் 16 நொடி மிச்சம். பேக்கர்ஸ் மூன்று புள்ளி பின்னால். இலக்குக் கோட்டுக்கு இரண்டடிகூட இல்லை. பந்தை வாங்கி ஓடவேண்டியவர்கள் ஐஸில் வழுக்கி விழுகிறார்கள் என்பதைக் கண்ட பேக்கர்ஸின் பார்ட் ஸ்டார், பந்தை யாரிடமும் கொடுக்காமல் தானே முன்னால் பாய்ந்தார். 21-17. இரண்டு வாரம் கழித்து இதே அணி கதகதப்பான மியாமியில் சூப்பர் பௌலையும் வென்றது. அந்த வெற்றியைவிட இந்த ஆட்டத்தைப் பற்றித்தான் இன்றும் அதிகம் பேசுகிறார்கள்.

நானும் இதை வியந்து சொல்கிறேன். ஆனால் அன்று பார்வையாளர் வரிசையிலிருந்த ஒரு முதியவர் குளிரால் இறந்தார் என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். வீரர்களுக்கு உறைபுண்கள் வந்தன. கடுங்குளிரில் உடல், இதயத்தையும் மூளையையும் காப்பாற்றுவதற்காக விரல்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடுகிறது. முதலில் வலி, பிறகு மரத்துப்போதல், பிறகு திசுவே உறைந்துவிடும். ஓடிக்கொண்டிருப்பவனுக்காவது உடல் சூடு உண்டு. மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு அதுவும் இல்லை. குளிரில் ஆட்டம் வைப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எப்போதும் வீரர்களைப் பற்றியே பேசுகிறார்கள். நான் முதலில் கேட்பது பார்க்க வந்தவர்களைப் பற்றியும், பனி அள்ளும், வாசல் காக்கும், தின்பண்டம் விற்கும் ஊழியர்களைப் பற்றியும்தான்.

இப்போது 2014-க்கு வருவோம். பிப்ரவரியில் சராசரி வெப்பநிலை 50 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 10 டிகிரி செல்சியஸ், இல்லாத ஊருக்குக் கூரை இல்லையென்றால் சூப்பர் பௌல் இல்லை என்பது லீக்கின் விதி. ஜயன்ட்ஸ், ஜெட்ஸ் அணிகள் சேர்ந்து சுமார் 160 கோடி டாலர் செலவில் கட்டிய மெட்லைஃப் மைதானத்துக்குக் கூரை கிடையாது. 2010 மே மாதம் அணி உரிமையாளர்கள் அந்த விதியைத் தளர்த்தி, மியாமியையும் டாம்பாவையும் விட்டு இதைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த மூன்றரை வருடமும் பேச்செல்லாம் பனியைப் பற்றித்தான்.

ஆயத்தத்தில் குறை சொல்ல முடியாது. பனி உருக்கும் பெரிய இயந்திரங்கள், உப்பு, லாரிகள், ஆட்கள் எல்லாம் தயாராக நின்றன. ஆட்டத்துக்குப் பத்து நாள் முன்பு நிஜமாகவே பனி கொட்டியபோது நூற்றுக்கணக்கானவர்கள் இருக்கைகளுக்கு இடையிலிருந்து அதை வாரி எடுத்தார்கள். ஒவ்வொரு இருக்கையிலும் கை சூடாக்கும் பொட்டலமும் காதுமூடியும் வைத்தார்கள். ஞாயிறு முடியாவிட்டால் வேறு எந்த நாள் என்பதுகூட முன்கூட்டியே முடிவாகியிருந்தது. இந்தக் கடைசி ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். கனடாவின் க்ரே கப் இறுதிப்போட்டி நவம்பர் மாதத்தில் திறந்தவெளியிலேயே பல முறை நடப்பது. 1962-இல் டொராண்டோவில் மூடுபனி இறங்கியபோது கடைசிக் குவார்ட்டரில் ஆட்டத்தை நிறுத்தி, மறுநாள் மிச்சத்தை ஆடி முடித்தார்கள். ‘இன்று வேண்டாம், நாளை’ என்று சொல்லும் துணிவு இருந்தால்தான் திறந்தவெளியில் ஆட்டம் வைக்கலாம்.

அன்றைக்கு வந்தது 9 டிகிரி செல்சியஸ், காய்ந்த வானம். கோட் போட்டால் போதும். சூப்பர் பௌல்களில் மிகக் குளிரான ஆட்டம் என்ற பெயர்கூட இதற்குக் கிடைக்கவில்லை. திறந்தவெளியில் அந்தப் பெயர் 1972-இல் நியூ ஆர்லியன்ஸில் நடந்ததற்கு, தெற்கே, வெப்பப் பகுதியில், 4 டிகிரியில் ஆடியதற்கு உரியது. 2011-இல் டாலஸுக்கு அருகே நகரும் கூரையுள்ள அரங்கில் வைத்தார்கள். அந்த வாரம் உறைமழை பெய்து, கூரையிலிருந்து பாளம் பாளமாக ஐஸ் விழுந்து ஊழியர்கள் காயமடைந்தார்கள். தெற்கே போனாலும் கூரை போட்டாலும் குளிரிலிருந்து முழுக்கத் தப்ப முடியாது.

சியாட்டில் சீஹாக்ஸ், டென்வர் பிராங்கோஸை 43-8 என்று நொறுக்கியது. முதல் பந்திலேயே, 12-ஆவது நொடியில், பின்னால் வீசிய பந்து டென்வரின் பெய்டன் மேனிங்கின் தலைக்கு மேலே பறந்தது, சியாட்டிலுக்கு இரண்டு புள்ளி. குளிரில் மேனிங் தடுமாறுவார் என்று வாரக்கணக்கில் எழுதியிருந்தார்கள். அன்று தடுமாற்றத்துக்குக் காரணம் அரங்கத்தின் இரைச்சல், குளிர் அல்ல.

உண்மையில் அன்று சறுக்கியது ரயில். பாதுகாப்புக்காகக் கார் நிறுத்தும் இடங்களைக் குறைத்திருந்தார்கள். நடந்தும் வரக்கூடாது, வாடகைக் காரில் வந்து வாசலில் இறங்கவும் கூடாது. பொதுப் போக்குவரத்தில் வாருங்கள் என்று மாதக்கணக்கில் விளம்பரம் செய்தார்கள். மக்கள் சொன்னபடி கேட்டார்கள். ரயிலில் மட்டும் சுமார் 28,000 பேர் வந்தார்கள், எதிர்பார்த்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எல்லோரும் ஸெகாகஸ் என்ற சந்திப்பில் இறங்கி வேறு ரயில் ஏறவேண்டும். கனத்த கோட்டும் அடுக்கடுக்கான உடையும் போட்டுக்கொண்டு வந்தவர்கள் அந்த மூடிய நிலையத்துக்குள் நெரிசலில் நின்று வியர்த்தார்கள், சிலர் மயங்கியே விழுந்தார்கள். குளிருக்கென்று மூன்று வருடம் தயாரான நாளில் மனிதர்கள் சூட்டில் சாய்ந்தார்கள். ஆட்டம் முடிந்தும் மணிக்கணக்கில் காத்திருப்பு. எல்லோரும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் நடைமேடையில் எத்தனை பேர் நிற்பார்கள் என்பதைச் சரியாக யாரும் எண்ணவில்லை. பனி வந்தால் என்ன செய்வது என்று கேட்டவர்கள், பனி வராமல் எல்லோரும் வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்கவில்லை. இதை நினைக்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

மறுநாள் திங்கள் காலை பனி கொட்டியது. நியூ யார்க் சென்ட்ரல் பார்க்கில் 8 அங்குலம். விமானங்கள் ரத்தாகி, ஊர் திரும்ப வேண்டிய ரசிகர்கள் விமான நிலையங்களில் சிக்கிக்கொண்டார்கள். சில மணி நேர இடைவெளியில் தப்பிய ஆட்டம் அது. அதற்குப் பிறகு இன்றுவரை குளிர் நகரத்தின் திறந்த மைதானத்துக்குச் சூப்பர் பௌல் வரவில்லை. 2018-இல் மினியாபொலிஸுக்குப் போனது, ஆனால் கூரைக்குக் கீழே.

என் கருத்தைக் கேட்டாய் அல்லவா? நடத்தலாம் என்பதே. டிசம்பரிலும் ஜனவரியிலும் பனியில் ஆடித் தகுதி பெறும் அணிகளுக்குக் கடைசி ஆட்டம் மட்டும் வெயிலில்தான் வேண்டும் என்பதில் நியாயம் தெரியவில்லை. ஆனால் இதற்குக் கீழே போனால் ஆட்டம் இல்லை என்று ஒரு வெப்பநிலையை எழுதி வைத்துக்கொண்டு, வந்தவர்கள் வீடு திரும்பும் வழியை முதலில் வகுத்துவிட்டுத்தான் நடத்தவேண்டும்.

நீ 11-ஆம் வகுப்பில் வாயு விதிகள் படிக்கிறாய் என்று அண்ணன் சொன்னான். இந்த ஆட்டத்தின் பந்துக்குள் சதுர அங்குலத்துக்கு 12.5 முதல் 13.5 பவுண்டு வரை அழுத்தம் இருக்கவேண்டும். 21 டிகிரி அறையில் 12.5-க்குக் காற்றடித்த பந்தை 9 டிகிரிக்கு எடுத்துப் போனால் அழுத்தம் ஒரு பவுண்டுக்குச் சற்று மேல் குறையும், யாரும் தொடாமலே. 2015 ஜனவரியில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியின் பந்துகளில் அழுத்தம் குறைந்திருந்தது என்று பெரிய சர்ச்சை எழுந்தது. வேண்டுமென்றே காற்றை இறக்கியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று லீக் முடிவு செய்து, அந்த அணியின் டாம் பிரேடிக்கு நான்கு ஆட்டம் தடை விதித்தது. குளிரே போதுமான காரணம் என்று இயற்பியல் பேராசிரியர்கள் வாதாடினார்கள்.

நீயே சோதித்துப் பார். உங்கள் பள்ளிப் பந்துக்குச் சைக்கிள் கடையில் காற்றடித்து, மானியில் அளவைக் குறித்துக்கொள். இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து, எடுத்தவுடன் மறுபடி அள. வெப்பநிலையைக் கெல்வினில் போட மறக்காதே. மானி காட்டுவது வெளிக்காற்றுக்கு மேற்பட்ட அழுத்தம் மட்டுமே, ஆகவே கணக்கிடும்போது வளிமண்டல அழுத்தத்தையும் கூட்டிக்கொள். உன் கணக்கும் அளவும் எவ்வளவு நெருங்கி வருகின்றன என்று அடுத்த கடிதத்தில் எழுது. அம்மாவிடம் ஃபிரிட்ஜுக்கு நானே அனுமதி வாங்கித் தருகிறேன்.

அன்புடன்,
அத்தை